சலுகையில் சேராதவள்

"நீ என்னைக் காப்பாத்துறியா? நீயா? என்னையா?"

இந்த மூன்று கேள்விகளும் சுவரைத் தாண்டி என் அடுப்படிக்கு வந்து சேர்ந்தபோது நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை. பால் நாளைக்கும் கிடைக்கும், கிளட்ச் அக்கா தன் தம்பியிடம் குரலை உயர்த்துவது நாளைக்கும் கிடைக்குமா?

"கத்தாத அக்கா. படிக்கட்டு வரைக்கும் கேக்குது."

"கேக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரி எப்படியும் காதைச் சுவத்துல வச்சிட்டுத்தான் நிப்பா. அவளுக்கும் தெரியட்டும்."

எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. காதைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அங்கே இன்னும் தெளிவாகக் கேட்டது.

நடந்தது இதுதான் என்று சொல்வதற்கு முன்னால், யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கிளட்ச் அக்காவிடம் அடி வாங்கியவர்கள். அடி என்றால் நிஜ அடி இல்லை, நாக்கால் அடி. அவளிடம் வெளிறிய நீல நிறக் கார் ஒன்று உண்டு. கூரையில் கற்போர் பலகை. ஓட்டுபவருக்குக் கீழே இருப்பதுபோலவே, பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் தான்தான் ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். வண்டி நிற்பதும் போவதும் அக்காவின் காலில் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "பக்கத்து சீட்ல உக்காந்து அடுத்தவங்க ஓட்டுறதைப் பாக்கிறது எனக்கு வேலைநேரத்துல மட்டும் போதும்" என்று சொல்லிவிடுவாள். ஐம்பதைத் தாண்டியவள், தாண்டியதாக ஒப்புக்கொண்டவளும்கூட.

தம்பி பெயிண்ட் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் பொறுப்பு. தெருவில் அவருக்கு 'சலுகை' என்று பெயர். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதியிருந்தால், எதை வாங்குகிறோம் என்று பார்க்காமலே மூன்றை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர். ஒரு கோடையில் அவர் வீட்டில் ஒன்பது குடைகள் இருந்தன. கெட்டவர் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். தனக்கு மட்டும் சலுகை தேடுகிற ஆளில்லை. என் மின்கட்டணத்தையும் வாங்கிப் பார்த்து, எங்கேயோ எதையோ கழித்துக் கொடுத்தவர். கழிக்க இடமில்லாத காகிதத்தைப் பார்த்தால் அவருக்கு மூச்சு முட்டும்.

அவர், அவர் மனைவி, மருந்துக்கடையில் வேலைபார்க்கும் மகள், தெருப்பக்க அறையில் அக்கா. வாடகையில் பாதி அக்காவுடையது. அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

வருமான வரிக் கணக்குக் கொடுக்கும் காலம் வந்தால் அந்த வீட்டில் ஒரு சடங்குபோல நடக்கும். சலுகை சாப்பாட்டு மேசையைத் துடைத்து, கால்குலேட்டரை வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவார். மனைவி, மகள், அக்கா என்று ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்குப் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. "குடும்பத்துக்கே நான் பாத்துக்கிறேன், உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி" என்பார். குறி இருந்த இடத்தில் மூவரும் கையெழுத்திடுவார்கள். தெருக்கோடியில் இருக்கும் வேகப்பலகையை வீட்டு வாசலிலிருந்து படித்துக்காட்டுகிற கிளட்ச் அக்கா, தன் மூக்குக்குக் கீழே இருந்ததை ஒரு வருடமும் படித்ததில்லை. தம்பிதானே.

தொழிற்சாலை வழியாகக் குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு உண்டு. சம்பளத்திலேயே பிரீமியத்தைப் பிடித்துக்கொள்வார்கள். தன் பங்கை அக்கா வருடாவருடம் உறையில் போட்டுத் தம்பி கையில் கொடுத்துவிடுவாள். வயதுக்கு ஏற்றபடி பங்கும் கூடும். கூடிய வருடங்களில் உறை தடித்தது, அவ்வளவுதான்.

இந்த வருடம் அவளுடைய இடது கண்ணில் புரை விழுந்தது. வலது கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிற்சி கொடுப்பவர்களுக்கு உரிமத் துறை எண் போட்ட ஒரு பட்டை, அதாவது பேட்ஜ், கொடுக்கும். அதைப் புதுப்பிக்க இரண்டு கண்ணும் தேறவேண்டும். பட்டை இல்லையென்றால் பலகை இல்லை, பலகை இல்லையென்றால் வேலை இல்லை. தனியார் கண் மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். முழுச் செலவும் காப்பீட்டில் போய்விடும் என்று சலுகை விசாரித்து வைத்திருந்தார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தைப் பார்த்தால், கண் நோயே சலுகை விலையில் கிடைத்ததுபோல இருந்தது.

முன்பதிவுக்கு அக்காவோடு போனவள் தம்பி மகள், மருந்துக்கடைப் பெண். அவள் சொல்லித்தான் அங்கே நடந்தது எனக்குத் தெரியும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பையன் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, வரிசையில் கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி சொன்னானாம்: "வருமானம் இல்லாதவங்க, தம்பி ஆதரவுல இருக்காங்கன்னு வருதும்மா. உங்களை வச்சுக் காப்பாத்துறவர் வந்து கையெழுத்துப் போடணும்."

வரிசையில் அக்காவின் பழைய மாணவர் ஒருவர் நின்றிருக்கிறார். நல்ல மனிதர், வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். "டீச்சர், வண்டியை வித்துட்டீங்களா? சொல்லவே இல்லையே" என்று துக்கம் விசாரித்திருக்கிறார்.

அக்கா அவரைத் தாண்டி வெளியே போனாளாம். நடந்து வந்து காரில், ஓட்டுபவர் இருக்கையில் இல்லை, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாளாம். நின்றிருந்த வண்டியின் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாளாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் என் பால் பொங்கியது.

சலுகை தன் பக்கத்தை எடுத்துச் சொன்னார். பொறுமையாகத்தான் சொன்னார், ஸ்டோரில் புதிய ஆளுக்கு டப்பாக்களைக் காட்டுகிற பொறுமை. தன்னை நம்பி இருப்பவர்களுக்காகக் கட்டுகிற பிரீமியத்தை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வருமானமில்லாத, வயதான உடன்பிறந்தவரை வைத்துக் காப்பாற்றினால் அதற்கு மேலே இன்னொரு கழிவு. அக்காவுக்கு வருமானம் உண்டு என்று காட்டினால் இரண்டும் போகும், காப்பீட்டில் அவள் பெயரும் போகும். தனியாக எடுத்தால் இந்த வயதுக்கு இரண்டு பங்கு கேட்பார்கள். அதனால் காட்டவில்லை. யாருக்கும் நஷ்டமில்லை.

"உனக்காகத்தான்க்கா பண்ணேன்."

"அப்ப நான் சம்பாதிச்சது எங்க போச்சு?"

"எங்கயும் போகலை. பணம் உன் கையிலதானே இருக்கு?"

"பணத்தைக் கேக்கலைடா. என்னைக் கேக்கிறேன். இத்தனை வருஷமா நான் எங்க இருந்தேன்?"

அடுப்படியில் அவர் மனைவி ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். திறந்திருந்த கதவு வழியாக எனக்குத் தெரிந்தது. பூவேலை தேய்ந்துபோகிற அளவுக்குத் துடைத்தாள்.

பிறகு அக்கா தன் முடிவைச் சொன்னாள். வரி அலுவலகத்துக்குப் போய்த் தன் வருமானத்தைத் தன் பெயரில் காட்டப் போகிறாள். அப்போதுதான் சலுகை முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். அவருக்கு அவமானத்தைவிட அந்தக் கணக்குதான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

"யோசிச்சுப் பேசு. வருமானம் இருக்குன்னு சொன்னா இன்சூரன்ஸ் போகும், கண்ணு போகும், பட்டை போகும், வருமானமே போகும். இல்லைன்னு சொன்னா எல்லாம் இருக்கும். எந்தப் பைத்தியக்காரி இருக்குன்னு சொல்லுவா?"

"இருக்கிறவ சொல்லுவா" என்றாள் அக்கா. கதவு சாத்திக்கொண்டது. நான் பெருக்கிய இடத்தையே இன்னொரு முறை பெருக்கிவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. என்னால் இல்லை; அவள் கத்திய கத்தலுக்கு என் உதவி எதற்கு? தெருவின் தீர்ப்பு ஒரே மாதிரி இருந்தது. அக்கா பக்கம் நியாயம்தான், ஆனால் கண் ஆபரேஷனை முடித்துக்கொண்டு நியாயத்தைப் பார்க்கலாம். ரொட்டிக்கடைக்காரர் சொன்னார், தையல்காரர் சொன்னார். மாடிவீட்டு ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் சட்டப் பிரிவோடு சொன்னார். பிரிவு எண் தப்பு என்று பிற்பாடு தெரிந்தது. இவர்கள் எல்லோருடைய கருத்தையும் அவளிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. என்றோ வாங்கிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனேன்.

ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் சண்டை போட்டுக்கலாமே என்றேன்.

"அவன் கணக்குல வாங்குன கண்ணைத் தொறந்ததும் முதல்ல யாருடி தெரிவாங்க? அவன்தான் நிப்பான், முன்னாடி வந்து" என்றாள். "அப்புறம் ஆயுசுக்கும் அந்த மூஞ்சியத்தான் பாக்கணும். வேண்டாம்."

ஒரு கண்தானே என்றேன். எனக்கே அது முட்டாள்தனமாகத்தான் பட்டது.

"நீ ஓட்டக் கத்துக்கிட்டப்ப ஒரு கண்ணாடிதானேன்னு இடது பக்கம் பாக்காமத் திருப்புன. ஞாபகம் இருக்கா? அந்தச் சைக்கிள்காரருக்கு இருக்கும்."

கிண்ணத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். நான் அவளிடம் வாங்கிய கிண்ணம் அது இல்லை என்றும் சொல்லியனுப்பினாள்.

அவள் வரி அலுவலகத்துக்குப் புறப்பட்ட அன்று இன்னொரு வேடிக்கை நடந்தது. சொல்லப்போனால் அதற்காகத்தான் இந்தக் கதையையே எழுதுகிறேன்.

ஒரு கண்ணை வைத்துக்கொண்டு இனி ஓட்ட மாட்டேன் என்று அக்கா அதற்குள் தீர்மானித்திருந்தாள். அந்த விஷயத்தில் அவள் தன் மாணவர்களுக்குச் சொன்னதைத் தானும் கேட்கிறவள். வாடகை வண்டிக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அப்போது தம்பி மனைவி செருப்பைத் தேய்த்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். கையில் நீலக் காரின் சாவி.

இவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிகம் பேசாதவள். மாலையில் தெருப்பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். அக்காவிடமே ஓட்டப் பழக ஆரம்பித்து, மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்க வராமல் பாதியில் விட்டவள். எங்கள் தெரு ஒரு சரிவு. மேலே ஏறித்தான் பெரிய சாலையைப் பிடிக்க வேண்டும். கடைசியாக அவள் முயன்றபோது வண்டி பின்னாலேயே உருண்டு ரொட்டிக்கடைக்காரரின் பெயர்ப்பலகையைச் சாய்த்தது. அதற்குப் பிறகு சாவியைத் தொட்டவள் இல்லை. இந்தச் சண்டையில் அவள் புருஷன் பக்கம் என்றுதான் நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். பேசாதவர்களை எந்தப் பக்கத்திலும் வைத்துக்கொள்ளலாம் இல்லையா?

"ஏறுங்க அண்ணி" என்றாள்.

அக்கா அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறினாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

சலுகை மேலே பால்கனிக்கு வந்துவிட்டார். கையில் பல் தேய்க்கும் பிரஷ். "உனக்குத்தான் மேடு ஏறத் தெரியாதே" என்று மனைவியிடம் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை, இருப்பில் இல்லாத சரக்கை இல்லை என்று சொல்கிற குரல்.

வண்டி நகர்ந்தது. நடு மேட்டில் முன்னால் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்து நிற்க வேண்டியதாயிற்று. எடுக்கும்போது பின்னால் உருண்டது. நான் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன், சலுகை கம்பியைப் பிடித்துக்கொண்டார், ரொட்டிக்கடைக்காரர் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டார். அக்காவின் கால் அசைந்தது, வண்டி நின்றது.

"நான் இருக்கேன். பாதி கிளட்ச்ல நில்லு. சத்தம் மாறும், அப்ப விடு."

சத்தம் மாறியது. அவள் விட்டாள். வண்டி ஏறியது. திரும்பிப் பார்த்தேன், பால்கனியில் பற்பசை நுரையோடு திறந்த வாய் ஒன்று தெரிந்தது.

பெரிய சாலையைப் பிடித்ததும் தம்பி மனைவி கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் சொன்னாள்: "என்னையும் அப்படித்தான் போட்டிருக்கார் அண்ணி. வருமானம் இல்லைன்னு. சாயங்காலம் வீட்டுக்கு வர்ற பிள்ளைங்க எல்லாம் சும்மா விளையாட வர்றதா நினைச்சிட்டாரோ என்னமோ."

"கியரை மாத்து" என்றாள் அக்கா. அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த வண்டியில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே வந்தார்கள். எனக்கு என்ன சிரிப்பு என்று புரிய மூன்று சிக்னல் ஆயிற்று.

வரி அலுவலகமும் உரிமத் துறையும் ஒரே கட்டடம். கீழ்த்தளத்தில் உரிமம், மேலே வரி. நடுவில் பழுதான லிஃப்ட். மேலே இருந்த அதிகாரி அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டார். இந்த இருக்கையில் உட்கார்ந்ததிலிருந்து வருமானத்தைக் குறைக்க வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், கூட்ட வந்தவரைப் பார்த்ததில்லை என்றார். வருமானத்துக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். அக்கா தரையைக் காட்டினாள். கீழே கேளுங்கள், என் பட்டை எண்ணைச் சொல்லுங்கள் என்றாள்.

ஓட்டுநர் தேர்வுக்கு வருகிற ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, பழக்கியவரின் எண்ணைப் பதிவு செய்வார்களாம். அம்மாள் தொலைபேசியில் கீழே கேட்டார். அவர் புருவம் மெல்ல மெல்ல ஏறி நெற்றியில் இருந்த கண்ணாடியைத் தொட்டது. கீழ்த்தளத்தில் இவள் ஊருக்கே வாத்தியார். மேல்தளத்தில் தம்பி வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள். நடுவில் ஒரு படிக்கட்டுதான்.

அம்மாள் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி நல்லதைத்தான் சொன்னார். இதைப் பதிந்தால் காப்பீடு நின்றுவிடும். தம்பி முந்தைய கணக்குகளைத் திருத்தி, கழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும், கூடவே அபராதமும். உங்களுக்கு வருவது சின்ன வரிதான். "பேசாம இருந்தா நாங்களா கேக்கப் போறதில்லம்மா."

"நீங்க கேக்கலைன்னா நான் இல்லாமப் போயிடுவேனா?" என்றாள் அக்கா.

அம்மாள் காகிதத்தை நீட்டினார். பென்சில் குறி எதுவும் இல்லாத காகிதம். அக்கா அதை வலது கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். பின்பக்கம் திருப்பினாள். அங்கேயும் படித்தாள். பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் செருமினார். இன்னொருவர், "பச்சை விழுந்து ரொம்ப நேரமாச்சு" என்றார்.

"ஹாரன் அடிச்சா சிக்னல் மாறாது" என்றாள் அக்கா, தலையைத் திருப்பாமல்.

முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தபோது, தம்பி மனைவி அந்த இடத்தில் வந்து நின்றாள். "எனக்கும் ஒண்ணு குடுங்க" என்றாள்.

பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றது. சுவரின் இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு கொடுமை என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சலுகை கணக்குகளைத் திருத்தினார். கழித்ததையெல்லாம் கூட்டினார். அவரைப் போன்ற ஒருவருக்கு அதைவிட என்ன தண்டனை வேண்டும்? காப்பீட்டிலிருந்து அக்கா பெயரை எடுக்கத் தொழிற்சாலை அலுவலகத்தில் காரணம் கேட்டிருக்கிறார்கள். 'வருமானம் உண்டு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று மாலை தெருமுனையில் என்னிடம், குடும்பம் என்றால் விட்டுக்கொடுக்க வேண்டாமா என்று நியாயம் கேட்டார். நான் தலையாட்டினேன். நான் யார் கேட்டாலும் தலையாட்டுவேன். அப்போதுதான் அடுத்ததைச் சொல்வார்கள்.

அதை அக்காவிடம் கொண்டுபோனேன். "விட்டுக்குடுத்தேனே, வருஷா வருஷம் உறையில போட்டு" என்றாள். "அவன் என்னையும் சேத்து எடுத்துக்கிட்டான்."

தனியார் மருத்துவமனையில் குறித்த நாள் வந்தது, போனது. உரிமத் துறைப் பரிசோதனையில் இடது கண் தேறவில்லை. பட்டை கிடைக்கவில்லை. கூரையிலிருந்த பலகையை அக்கா தானே திருகாணி கழற்றி எடுத்தாள். நீலக் காருக்கு உறை போட்டாயிற்று. சலுகை சொன்ன கணக்கு வரி பிசகாமல் நடந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எல்லோரும் வருத்தத்தோடுதான் பேசினார்கள்; சொன்னது பலித்ததில் உள்ள சுகத்தையும் மறைக்க முடியவில்லை.

அக்கா அரசு மருத்துவமனையில் பெயர் கொடுத்தாள். அங்கே கண்ணுக்கு வரிசை நீளம். மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். காத்திருக்கிறேன் என்றாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? தம்பி தயவில் வேண்டாம் என்றாய், அரசாங்கத்தின் இலவசம் மட்டும் பரவாயில்லையா என்று கேட்டுவிட்டேன்.

"இலவசமா? அந்தக் கட்டடத்துல ஒரு செங்கல் என்னோடதுடி. இப்ப வரி கட்டுறேன்ல. என் செங்கலுக்குக் கீழ நான் போய்ப் படுத்துக்கிறேன், உனக்கென்ன?"

எனக்கொன்றும் இல்லைதான்.

அந்த மாதங்களில் அவள் வீட்டுக் கூடத்தில் சாலை விதிகள் வகுப்பு நடத்தினாள். அதற்குப் பட்டை வேண்டாமாம். சாப்பாட்டு மேசைமேல் பாத்திர மூடிகள்தான் கார்கள், தீப்பெட்டி லாரி. சலுகை கணக்குப் பார்த்த அதே மேசை. அவர் வேலை முடிந்து வரும்போது நடுநாற்சந்தியில் யாரோ தப்பான பக்கம் திரும்பிக்கொண்டிருப்பார்கள். அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடுவார். தம்பி மனைவி அந்த இடைவெளியில் தேர்வு எழுதி உரிமம் வாங்கிவிட்டாள். மேட்டில் நிறுத்தி எடுக்கிற பரீட்சையில் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை என்று ரொட்டிக்கடைக்காரரே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

ஒருநாள் சலுகை அக்காவின் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு உறை. இந்த முறை அவர் கொடுக்க, அவள் வாங்க வேண்டிய உறை. கதவு திறந்திருந்தது, நான் படிக்கட்டில் இருந்தேன். தனியாரிலேயே போய்ச் செய்துகொள், நான் கட்டுகிறேன் என்றார். நிஜமாகத்தான் சொன்னார்.

அக்கா உறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இதுக்கு ஏதாவது கழிவு உண்டா?"

உண்டு என்றுதான் நினைக்கிறேன். அவர் முகம் அப்படி இருந்தது. முதலில் உறையை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தாள். உறையை வாங்கிக்கொள்ளவில்லை. "டீ போடு, குடிக்கிறேன்" என்றாள். அவர் போட்ட டீயில் சர்க்கரை இல்லை. அதையும் சொல்லிக்காட்டிவிட்டுத்தான் குடித்தாள்.

முறை வந்தபோது அரசு மருத்துவமனையில் கண் ஆபரேஷன் ஆயிற்று. தம்பி மனைவிதான் ஓட்டிக்கொண்டு போய்க் கூட்டிவந்தாள். கறுப்புக் கண்ணாடியோடு வண்டியிலிருந்து இறங்கிய அக்கா அதைக் கழற்றி, நிமிர்ந்து, நேராக என் ஜன்னலைப் பார்த்தாள்.

"திரை ஓரமா கிழிஞ்சிருக்கு. ஒரே இடத்துல பிடிச்சு விலக்கினா அப்படித்தான் கிழியும்" என்றாள். எங்கள் தெருவில் அதற்குப் பிறகு அந்தக் கண்ணைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. பட்டை திரும்பக் கிடைத்தது. பலகை கூரைக்கு ஏறியது.

அப்புறம் என்ன ஆனார்கள் என்றால், மருந்துக்கடைப் பெண்ணுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு பையனோடு கல்யாணம் நிச்சயமானது. பையனின் அப்பா பெருந்தன்மையாக, இனிமேல் என் மகன் உன்னைக் காப்பாற்றுவான் என்று சொல்லிவைத்தார். சலுகை கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். பெண் தன் அத்தையைக்கூடப் பார்க்காமல், "கல்யாணம் ஒண்ணு, வரி ரிட்டர்ன் ரெண்டு. இன்சூரன்ஸ் அவங்கவங்க பேர்ல" என்றாள். பையனுக்கு முதல் பாதியே போதுமாக இருந்தது. இப்போது இருவரும் ஒரு துறைமுக ஊரில் இருக்கிறார்கள். அந்த வரி அலுவலகத்து லிஃப்டைச் சரிசெய்தவனும் அவன்தான்.

சலுகைக்குத் தொழிற்சாலையின் இன்னொரு கிளைக்கு மாற்றலாகி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். இங்கே முழு வாடகையும் இப்போது அக்காவுடையது. கூடத்தில் மூடிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர்களும் ஒரு பழைய கார் வாங்கினார்கள், தள்ளுபடியில்தான். சலுகை ஓட்டப் பழகவில்லை. விடுமுறைதோறும் மனைவி ஓட்ட, அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அக்காவைப் பார்க்க வருவார்கள். எங்கள் மேட்டில் இறங்கும்போது அவருடைய வலது கால் கீழே எதையோ தேடித்தேடி மிதிப்பது என் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். அந்தக் காரில் அந்தப் பக்கம் பிரேக் கிடையாது.